லியோடார்டுக்கும் நடன உடைக்கும் உள்ளே என்ன அணிவது?

இருபத்து நான்கு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பிலும் தற்கால நடன வகுப்பிலும் ஒருசேரச் சேர்ந்திருப்பதாகவும், வழக்கமாக அணியும் ஜட்டி லியோடார்டின் (உடலோடு ஒட்டிய, கால்களை மூடாத ஒற்றை உடை) கால் விளிம்பில் வெளியே தெரிவதாகவும், உடன் பயில்பவர்கள் உள்ளே எதுவுமே போட வேண்டாம் என்று சொல்வதாகவும், அடுத்த மாதம் மேடையேற வேண்டியிருப்பதால் எதை வாங்குவது என்று குழம்பியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எதை வாங்குவது என்பதற்குப் பதில் எளிது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், உள்ளாடை அணிந்தால் விதியை மீறியவராகி விடுவோமோ, அணியாவிட்டால் உடல் வெளித்தெரிந்து விடுமோ என்ற இரண்டு அச்சங்களுக்கு நடுவில் நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் துணி, தையல் பற்றிய விவரங்களுக்கு வருகிறேன். நடனக் குழுக்களுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் பயில்பவர்களுக்கும் உடை தைத்துக் கொடுப்பதும், மேடைக்குப் பின்னால் நின்று அவற்றைச் சரிசெய்வதும் என் தொழில். அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

உள்ளாடை அணிவது, அணியாமல் இருப்பது, இரண்டுமே நடைமுறையில் உள்ளவைதான். இரண்டில் எதுவும் ஒழுக்கக் குறைவோ அறியாமையோ அல்ல. பாலே டைட்ஸை (இடுப்பிலிருந்து கால்களோடு ஒட்டி நிற்கும் மெல்லிய உடை) நேரடியாக உடலில் அணிவது நெடுநாளைய வழக்கம். அதனால்தான் பல டைட்ஸ்களில் கவட்டுப் பகுதியில் பருத்தித் துண்டு ஒன்றைத் தனியாக வைத்துத் தைக்கிறார்கள். நல்ல லியோடார்டுகளிலும் முன்பக்கம் லைனிங் இருக்கும். அத்தகைய உடையை உள்ளாடை இல்லாமல் அணிய முடியும். ஆனால் அணிய முடியும் என்பதால் அணிந்தே ஆக வேண்டும் என்றாகாது. உடலை எவ்வளவு மூடிக்கொண்டால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்; ஆசிரியரோ உடன் பயில்பவர்களோ அதைத் தீர்மானிக்கக் கூடாது. தலைகீழாக நிற்கும்போது கவனம் கைகளிலும் தோள்களிலும் இருக்க வேண்டுமே தவிர, விளிம்பு விலகிவிட்டதா என்பதில் இருக்கக் கூடாது. அந்தக் கவனச் சிதறல் காயத்தில் கொண்டுபோய் விடக்கூடியது என்பதால், உங்கள் மன நிம்மதியை நான் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

விதிகளைப் பற்றிய உங்கள் அச்சத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் விதிநூல் பெண்கள் அணியும் லியோடார்டு உடல் தெரியாத துணியில் இருக்க வேண்டும் என்றும், கால்வெட்டு இடுப்பெலும்பைத் தாண்டி மேலேறக் கூடாது என்றும் சொல்கிறது. முறையற்ற உடைக்கு 0.30 மதிப்பெண் கழிப்பதும் அதில் உண்டு. தேசிய அளவிலும் மன்ற அளவிலும் நடக்கும் போட்டிகளில் உள்ளாடையின் பட்டையோ விளிம்போ தெரிந்தால் மதிப்பெண் குறைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்து வந்திருக்கிறது. உங்கள் வகுப்புத் தோழிகளின் அறிவுரைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் போக்கு மாறி வருகிறது. முழுக்கால் உடையை விதிகள் முன்பே அனுமதித்திருந்தும் பெரும்பாலும் யாரும் அணியாத நிலையில், 2021 ஏப்ரலில் பாசெல் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஜெர்மனியின் வீராங்கனைகள் கணுக்கால் வரை மூடும் உடையில் களமிறங்கினார்கள். அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அணிந்தார்கள். 2024இல் நியூசிலாந்தின் ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு, லியோடார்டின் மேல் ஷார்ட்ஸோ லெக்கிங்ஸோ அணியலாம் என்றும், உள்ளாடை தெரிந்தாலும் மதிப்பெண் கழிக்கப்படாது என்றும் விதியைத் திருத்தியது. ஆகவே, நீங்கள் கலந்துகொள்ளும் நிகழ்ச்சி எந்த அமைப்பின் விதிநூலின்படி நடக்கிறது என்று அமைப்பாளரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வழியாகச் சுற்றி வரும் விதிகளில் பாதி, ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு நடுவர் சொன்னதாக இருக்கும்.

இனி உங்கள் ஜட்டி வெளியே தெரிவதைப் பற்றி. இந்தக் குறையோடு என்னிடம் வருபவர்களில் பலர் உள்ளாடையை மாற்றத் தயாராகத்தான் வருகிறார்கள். பார்த்தால் குறை லியோடார்டின் அளவில் இருக்கும். லியோடார்டுக்கு மார்பு, இடுப்பு அளவுகளைவிட முக்கியமானது உடற்சுற்றளவு. ஒரு தோளின் நடுவில் அளவு நாடாவை வைத்து, முன்பக்கமாக இறக்கி, கவட்டின் வழியே கொண்டுபோய், முதுகு வழியாக அதே தோளுக்குத் திரும்பக் கொண்டுவந்து எடுக்கும் அளவு அது. உடல் நீளமானவர் இந்த அளவைப் பார்க்காமல் மார்பளவை மட்டும் பார்த்து வாங்கினால், கைகளைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தோள்பட்டை மொத்த உடையையும் மேலே இழுக்கும். அந்த இழுவையில் கால் விளிம்பு மேலேறும். உள்ளே எதை அணிந்திருந்தாலும் தெரியத்தான் செய்யும். நீங்கள் கைகளை இறக்கி நிற்கும்போது தெரியாமல், தூக்கியதும் தெரிகிறதென்றால், காரணம் பெரும்பாலும் இதுதான். இதற்கு உள்ளாடையை மாற்றுவது தீர்வாகாது. உடற்சுற்றளவு பொருந்தும் அளவில் வேறு லியோடார்டு வாங்குவதே தீர்வு. நிற்கும்போதே தெரிகிறதென்றால் மட்டும் உள்ளாடையின் வெட்டைப் பாருங்கள்.

அதற்குத் தேவையானது, லியோடார்டின் கால்வெட்டைவிட உயரமாக வெட்டப்பட்ட, இடுப்பில் தாழ்வாக நிற்கும் ஜட்டி. நடனக் கடைகளில் இதற்கென்றே தனி ரகம் விற்கிறார்கள். நைலானும், இழுத்தால் நீளும் இழையான ஸ்பான்டெக்ஸும் கலந்த மெல்லிய துணியில், விளிம்பில் எலாஸ்டிக் இல்லாமல் வெட்டி விட்டிருப்பார்கள், அல்லது தையலே இல்லாமல் வெப்பத்தால் ஒட்டியிருப்பார்கள். விளிம்பு தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் துணி அல்ல, எலாஸ்டிக்தான்: அது சதையை அழுத்தி ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது, அந்தப் பள்ளத்தின் நிழல்தான் வெளியே கோடாகத் தெரிகிறது. அதனால் ஓர் அளவு சிறியதை வாங்கினால் கச்சிதமாக இருக்கும் என்ற எண்ணம் நேர்மாறான பலனையே தரும். உங்கள் சரியான அளவையே வாங்குங்கள். சிலர் பின்புறம் ஒரு பட்டை மட்டும் உள்ள தாங் வகையை விரும்புகிறார்கள். கோடு தெரியாது என்பது உண்மை, ஆனால் உருளுதலும் அமர்ந்து எழுதலும் மிகுந்த தரைப் பயிற்சியில் அந்தப் பட்டை உராய்ந்து புண்ணாக்குவதையும் பார்த்திருக்கிறேன். மேடை நிகழ்ச்சிக்கு ஏற்றது, தினப் பயிற்சிக்கு அவ்வளவாக ஏற்றதல்ல என்பது என் கருத்து.

வாங்கும் முன் உள்ளாடையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, மணிக்கட்டின் உட்பக்கத் தோலில் தையலை மெல்ல இழுத்துப் பாருங்கள். விரல் நுனி தடித்துப் போனது; அதற்கு உறுத்தல் அவ்வளவாகத் தெரியாது, மணிக்கட்டுக்குத் தெரியும். ஓவர்லாக் தையலில் நூல் முடிச்சுகள் மேடாக நிற்கும். ஃபிளாட்லாக் தையலில் இரண்டு துணிகளும் பக்கம் பக்கமாகப் படுத்து இணைந்திருப்பதால் மேடே இருக்காது. ஒரு மணி நேர வகுப்பில் தொடை அசையும் எண்ணிக்கையை நினைத்துப் பார்த்தால், அந்த மெல்லிய மேடு என்ன செய்யும் என்பது புரியும். உட்புறம் தைக்கப்பட்டிருக்கும் அளவுச் சீட்டையும் வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் மீதமிருக்கும் முனை இன்னும் கூர்மையாகக் குத்தும். தையலைப் பிரித்து முழுவதுமாக எடுத்துவிடுவதே சரி.

பருத்திதான் உடலுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றாட உடைக்கு அது சரி. ஆனால் வியர்வை கொட்டும் பயிற்சிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கி வைத்திருக்கும். நைலான் ஏறத்தாழ 4 விழுக்காடு, பாலியெஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. வியர்வையில் நனைந்த பருத்தி கனத்து, தோலோடு ஒட்டி, உலர நேரம் எடுத்துக்கொள்ளும். ஈரமான தோலில் உராய்வும் கூடும் என்பதால், தொடையிடுக்கில் தோல் உரிவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஆகவே முழுக்கப் பருத்தியாலான ஜட்டியைவிட, கவட்டில் மட்டும் பருத்தித் துண்டு வைத்த நைலான் ஜட்டியே பயிற்சிக்குப் பொருத்தம். எந்தத் துணியாக இருந்தாலும், வகுப்பு முடிந்ததும் ஈர உடையோடு உட்கார்ந்திருக்காமல் உடனே மாற்றிவிடுவது துணித் தேர்வைவிடப் பெரிய பாதுகாப்பு; வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில்தான் பூஞ்சைத் தொற்று வளர்கிறது. அரிப்போ வெடிப்போ தொடர்ந்து இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தையல்காரர் சொல்லித் தீர்க்கும் விஷயமல்ல அது.

நிறத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: வெள்ளை உடைக்குள் வெள்ளை உள்ளாடை. மெல்லிய வெளிர் துணியின் வழியாக நம் கண்ணுக்குப் படுவது, உள்ளாடைக்கும் அதை ஒட்டியிருக்கும் தோலுக்கும் உள்ள நிற வேறுபாடு. வெள்ளை ஜட்டி மாநிறத் தோலில் பளிச்சென்று நிற்கும்; உடை வெள்ளையாக இருப்பது அதை மறைக்காது. உங்கள் தோலின் நிறத்தில் இருப்பதே மறையும். இங்கே இன்னொரு சிக்கல், ‘ஸ்கின் கலர்’ என்று பெட்டியில் அச்சிட்டு விற்பதில் பெரும்பகுதி வெளிறிய இளஞ்சிவப்பு அல்லது மணல் நிறம். அது நம்மில் பலருடைய தோல் நிறம் அல்ல. பாலேயிலும் இளஞ்சிவப்பு டைட்ஸே வெகுகாலம் எல்லோருக்கும் பொதுவானதாக வைக்கப்பட்டிருந்தது. நியூயார்க்கின் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் குழு 1974இல் தன் கலைஞர்கள் ஒவ்வொருவரின் தோல் நிறத்துக்கும் ஏற்ற டைட்ஸையும் காலணிகளையும் மேடையில் அணியச் செய்தது. அதன் பிறகும் கடைகளில் நிறங்கள் பெருகப் பல பத்தாண்டுகள் ஆயின. உங்கள் நிறத்தில் கிடைக்காவிட்டால் நைலான் மிகுந்த துணியை வாங்கிச் சாயம் ஏற்றுங்கள். நைலான் வீட்டிலேயே எளிதாகச் சாயம் பிடிக்கும், பாலியெஸ்டர் பிடிக்காது. தண்ணீர் கொதிக்கக் கூடாது, ஸ்பான்டெக்ஸ் இழை தளர்ந்துவிடும்.

மார்புக்கு வருகிறேன். ஓடும்போதும் தாவும்போதும் மார்பு மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னுமாகவும் அசைகிறது. வலிக்கு அந்த அசைவே காரணம். சிறிய மார்பு உள்ளவர்களுக்கு உடலோடு அழுத்திப் பிடிக்கும் வகையோ, லியோடார்டுக்குள்ளேயே தைத்திருக்கும் லைனிங்கோ பெரும்பாலும் போதும். பெரிய மார்பு உள்ளவர்களுக்கு, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் தாங்கும் ஸ்போர்ட்ஸ் பிரா தேவைப்படும். எந்த வகையிலும் தாங்கும் வேலையைப் பெருமளவு செய்வது மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டைதான், தோள்பட்டை நாடா அல்ல. கைகளைத் தூக்கும்போது அந்தப் பட்டை மேலே ஏறினால் அளவு பெரிது என்று பொருள். முதுகு திறந்த உடைக்குக் கண்ணாடி போன்ற நாடா வைத்த பிராவைப் பலர் வாங்குகிறார்கள். மேடை விளக்கில் அது மின்னும்; தோளையும் அறுக்கும். அதற்குப் பதில் உடைக்குள்ளேயே தாங்கும் துணி ஒன்றைத் தைத்துக்கொள்வது நல்லது. அதிக வேலையில்லை, ஓரளவு கைதேர்ந்த தையல்காரர் செய்துவிடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்வேன். உலோகக் கம்பி வைத்த பிரா, முதுகில் ஹூக் உள்ள பிரா, அளவு மாற்றும் வளையம் வைத்த நாடா ஆகியவை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்கு வேண்டாம். முன்பக்கமாக உருளும்போது உங்கள் முழு எடையும் முதுகெலும்பின் மேல் வரிசையாக இறங்கிச் செல்கிறது. நடுவில் ஒரு ஹூக் இருந்தால் அந்த எடை அந்த ஒரு புள்ளியில் இறங்கும். தரையில் உருளும் தற்கால நடனத்துக்கும் இது பொருந்தும். தலை வழியாக மாட்டும், முழுக்கத் துணியாலான வகையே பாதுகாப்பானது. இன்னொன்றும் உண்டு: பயிற்சியாளர் உங்களைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும்தான். வழுவழுப்பான துணியை இரண்டு அடுக்காகத் தளர்வாக அணிந்திருந்தால், அவர் பிடித்த துணி நகரும், உங்கள் உடல் அவர் பிடியில் நிற்காது. ஷார்ட்ஸ் அணிவதென்றாலும் உடலோடு ஒட்டிய ஷார்ட்ஸாகவே அணியுங்கள்.

நடன உடைக்குக் கணக்கு சற்று வேறு. அங்கே ஒரே நிகழ்ச்சியில் இரண்டு மூன்று முறை உடை மாற்ற வேண்டியிருக்கும், அதுவும் திரைக்குப் பின்னால், பலர் நடுவில். இதற்குத் தொழில்முறைக் கலைஞர்கள் கையாளும் வழி, தோல் நிறத்தில் மெல்லிய முழு உள்லியோடார்டு ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை அணிந்திருப்பது. மேலுடை எத்தனை முறை மாறினாலும் உடல் மூடியே இருக்கும். வியர்வை இந்த அடுக்கில் நின்றுவிடுவதால், ஜரிகையும் கல்லும் தைத்த, துவைக்க முடியாத மேலுடையும் நெடுநாள் உழைக்கும். தோள்பட்டையை இடம் மாற்றி மாட்டிக்கொள்ளும் வகையாக வாங்கினால், வெவ்வேறு கழுத்துவெட்டுள்ள உடைகளுக்கு ஒன்றே போதும். அடுத்த மாத நிகழ்ச்சிக்கு நீங்கள் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், நான் இதையே வாங்கச் சொல்வேன். உடலை மேலும் மூடிக்கொள்ள விரும்புபவர்களுக்கு இதன் முழுக்கை, முழுக்கால் வடிவங்களும் கிடைக்கின்றன.

மாதவிடாய் நாட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பலரும் கேட்கத் தயங்கும் பகுதி அது என்பதால் சொல்லிவிடுகிறேன். நாப்கின் பயன்படுத்தினால் உள்ளாடை அணிந்தே ஆக வேண்டும். லியோடார்டின் துணியில் மட்டும் ஒட்டினால் அது நழுவும். உறிஞ்சும் அடுக்குகள் வைத்துத் தைத்த பீரியட் ஜட்டியைக் கருநிற லியோடார்டுக்குள் அணிவது பலருக்கு நிம்மதி தருகிறது. டாம்பன் பயன்படுத்துபவர்கள் அதை 8 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அரிதானதானாலும் உயிருக்கு ஆபத்தான நச்சு அதிர்ச்சி நோயுடன் அதற்குத் தொடர்பு உண்டு. நாள் முழுதும் நடக்கும் ஒத்திகையில் மாற்ற மறப்பது எளிது, ஆகவே கைபேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். மென்ஸ்ட்ருவல் கப்பை முதன்முதலாக நிகழ்ச்சி நாளன்று முயல வேண்டாம். அந்த நாட்களில் மேலே ஒரு ஷார்ட்ஸ் அணிந்துகொள்ள அனுமதி கேட்பதில் தயக்கமும் வேண்டாம்; நல்ல பயிற்சியாளர் காரணம் கேட்க மாட்டார்.

இதைப் படிக்கும் ஆண்களுக்குச் சுருக்கமாக: டைட்ஸுக்குள் அணிய டான்ஸ் பெல்ட் என்ற தனி உள்ளாடை இருக்கிறது. அகன்ற இடுப்புப் பட்டையும் முன்புறம் உறுதியான தாங்கு துணியும் கொண்டது. உறுப்புகளை உடலோடு அணைத்துப் பாதுகாப்பதே அதன் வேலை. தளர்ந்த பாக்ஸர் எந்த வகையிலும் அதற்கு ஈடாகாது. ஜிம்னாஸ்டிக்ஸில் பாமல் குதிரை, வளையங்கள், இணைக்கம்பிகள், கிடைக்கம்பி ஆகிய கருவிகளுக்குப் போட்டியில் ஆண்கள் நீளக் காற்சட்டை அணிய வேண்டும். அது பெரும்பாலும் வெளிர்நிறம் என்பதால், தோல் நிறம் பற்றி மேலே சொன்னது அப்படியே இதற்கும் பொருந்தும்.

எதை வாங்கினாலும் மேலுடையோடு சேர்த்து, ஒரு முழு வகுப்பில் வியர்க்க வியர்க்க அணிந்து பார்த்த பிறகே மேடைக்குக் கொண்டுபோங்கள். கண்ணாடி முன் நிற்பது சோதனை ஆகாது. கைகளை முழுவதும் தூக்குங்கள், குனியுங்கள், ஒரு காலைப் பக்கவாட்டில் உயர்த்துங்கள், தரையில் கால்களை விரித்து உட்கார்ந்து எழுந்து, எதையும் இழுத்துச் சரிசெய்யாமல் அப்படியே நில்லுங்கள். அப்போது விளிம்பு எங்கே இருக்கிறதோ அதுதான் மேடையில் அது இருக்கப்போகும் இடம். பிறகு அறையை இருட்டாக்கி, பின்னால் ஒரு வலுவான விளக்கை வைத்து, நம்பிக்கைக்குரிய ஒருவரை உங்கள் கைபேசியிலேயே ஃபிளாஷுடன் ஒரு படமும் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படமும் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் கனமாகத் தெரிந்த துணி பின்விளக்கில் வலைபோல ஆகிவிடுவது உண்டு. விளிம்பு தோலோடு நிற்க விளையாட்டு வீராங்கனைகள் ஒட்டுத் தெளிப்பான் பயன்படுத்துவார்கள். அதைப் பயன்படுத்துவதென்றால் முந்தைய நாள் முழங்கையின் உட்புறம் சிறிது தெளித்து ஒவ்வாமை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உராய்வுக்கு வாஸ்லின் தடவுபவர்கள் கைகளை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். கம்பியில் எண்ணெய்ப் பசை பட்டால் பிடி வழுக்கும், உங்களுக்கு மட்டுமல்ல, அடுத்து வருபவருக்கும்.

துவைக்கும்போது குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தல். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து, வியர்வையை வெளியேற்றும் தன்மையைக் குறைத்துவிடும். குளோரின் ப்ளீச் ஸ்பான்டெக்ஸை அரித்து மஞ்சளாக்கும். இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணியுங்கள்; நிகழ்ச்சியன்று இரண்டாவது செட் உங்கள் பையிலேயே இருக்கட்டும். உங்கள் உடற்சுற்றளவை அளந்து, இப்போது அணியும் லியோடார்டின் அளவுச் சீட்டில் உள்ளதையும் சேர்த்து இங்கே எழுதினால், அதே லியோடார்டைச் சரிசெய்ய முடியுமா, வேறு வாங்க வேண்டுமா என்று சொல்கிறேன்.